ஓவர்கிளாக் செய்யும் பிராசசருக்கு எந்தக் கூலர்?

இன்டெல் கோர் ஐ5-13600கே பிராசசர் வாங்கியிருக்கிறீர்கள், அதை ஓவர்கிளாக் செய்யவும், அதாவது நிர்ணயித்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டவும், ஆசை என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைப் பிரித்தால் உள்ளே பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலர் இருக்காது. அதை நாம்தான் தேடி வாங்க வேண்டும்.

1. வெப்பத்தைக் கணக்கிடுங்கள்

இந்தப் பிராசசர் உச்ச வேகத்தில் 181 வாட் வரை இழுக்கும் என்கிறது இன்டெல். ஓவர்கிளாக் செய்தால் அதையும் தாண்டும். வேகம் கூடும் அளவுக்கு மின்செலவும் கூடும். வோல்டேஜ் கூடினாலோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 5.1 கிகாஹெர்ட்ஸை 5.5 ஆக்க, வோல்டேஜை 1.20-இலிருந்து 1.30-க்கு ஏற்றுகிறீர்கள். வேகத்தில் கிடைத்தது 8 சதவீதம்தான். மின்செலவு கால் பங்குக்கு மேல் எகிறி, 181 வாட் 230-ஐ நெருங்கிவிடும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். கூலரை இந்த 230-க்குத்தான் தேட வேண்டும்.

2. அறையின் வெப்பத்தையும் சேருங்கள்

எந்தக் காற்றுக் கூலரும், நீர்க் கூலரும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்கிவிடாது. 22 டிகிரி அறையில் சோதித்து 82 டிகிரி வந்தது என்று ஒருவர் எழுதியிருந்தால், ஏசி இல்லாத நம் 36 டிகிரி மே மாத அறையில் அது 96 ஆகும். 100-ஐத் தொட்டால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு ஓவர்கிளாக் எதற்கு?

3. காற்றா, நீரா?

200 வாட் வரை, உலோகத் தகடுகள் இரண்டு கோபுரமாக நிற்கும் இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் போதும் என்பது என் கருத்து. அதில் பழுதாகக்கூடியது விசிறி மட்டுமே. 230 என்றால் 360 மி.மீ. ரேடியேட்டர் (நீரின் சூட்டைக் காற்றில் விடும் பகுதி) கொண்ட நீர்க் கூலருக்குப் போகலாம். நீரைச் சுற்றவிடும் பம்ப் ஒருநாள் நின்றுபோகலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

4. அளவெடுங்கள்

நாக்டுவா என்எச்-டி15 என்ற காற்றுக் கூலரின் உயரம் 165 மி.மீ. என் கேபினட் தாங்குவது 160. அந்த 5 மி.மீ.க்காகப் பக்கவாட்டுக் கதவை இரண்டு வாரம் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ரேம் உயரமாக இருந்தால் விசிறி இடிக்கும், அதையும் பாருங்கள். இந்தப் பிராசசர் உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கான பொருத்து சட்டம் கூலர் பெட்டியில் உண்டா என்பதையும் கேளுங்கள்.

5. பொருத்துங்கள்

கூலரின் அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை முதலில் உரியுங்கள். கண்ணுக்கே தெரியாது, பலர் அதோடு சேர்த்தே மாட்டிவிட்டு, கூலரைத் திட்டுகிறார்கள். பிராசசரின் நடுவில் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் (வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பசை) வையுங்கள். திருகுகளை எதிரெதிர் மூலையாக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். நீர்க் கூலர் என்றால் ரேடியேட்டர் பம்ப்பைவிட உயரத்தில் இருக்கட்டும். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ் மேலேதான் போய்த் தங்கும்.

6. சோதியுங்கள்

பிராசசரை முழு வேகத்தில் வேலை வாங்கும் சோதனை மென்பொருளான சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓடவிட்டு வெப்பத்தைப் பாருங்கள். 95-ஐத் தாண்டினால் புதுக் கூலருக்குப் பணம் எடுக்க வேண்டாம். முதலில் வோல்டேஜை 0.05 குறைத்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள். கணினி உறைந்து நின்றால் வேகத்தையும் ஒரு படி இறக்குங்கள்.