சென்ட்ரல் லைன் சரியாகப் போயிருக்கிறதா? அல்ட்ராசவுண்டில் பார்க்கும் விதம்

இரவு ஒரு மணிக்கு லைன் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைக்குள் செலுத்தும் குழாய்) போட்டு முடித்திருப்போம். எக்ஸ்ரே எடுப்பவர் தக்கலையிலிருந்து மழையில் பைக்கில் வந்து சேர வேண்டும். நோயாளிக்கோ பிபி இறங்கிக்கொண்டிருக்கும். பிபியை ஏற்றும் நார்அட்ரினலினை உடனே தொடங்கியாக வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இதைப் பழகினேன். லைன் போடத் தெரிந்த ஜூனியர் டாக்டர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கைடு வயர், அதாவது லைனுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி. துளையை அகலமாக்கும் டைலேட்டரைத் தொடும் முன்பே லீனியர் புரோபை (தட்டையான முனையுள்ள ஸ்கேன் கருவியை) கழுத்தில் வைத்து, வயர் சிரைக்குள் ஓடுவதைக் குறுக்கிலும் நெடுக்கிலும் பாருங்கள். குறுக்கில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பின்சுவரைத் துளைத்துத் தமனிக்குள் போன வயரும் சிரைக்குள் வெள்ளைப் புள்ளியாக அழகாகத்தான் தெரியும்.

லைன் உள்ளே போனதும் புரோபை மாற்றுங்கள். இதயம் பார்க்கும் ஃபேஸ்டு அரே புரோப் இருந்தால் நல்லது. எங்களிடம் இல்லை, வயிறு பார்க்கும் வளைந்த புரோபே போதும் என்பது என் கட்சி. நெஞ்சுக்குழியில் வைத்து வலது ஏட்ரியத்தை (இதயத்தின் வலது மேலறையை) படத்தில் பிடியுங்கள். கூட இருப்பவர் லைனின் நுனியில் திறக்கும் டிஸ்டல் போர்ட்டில் 10 மில்லி சலைனை (உப்புநீரை) ஒரே மூச்சில் தள்ள வேண்டும். 2 விநாடிக்குள் ஏட்ரியத்தில் வெள்ளையாகப் பொங்கினால் சரி.

நான் சறுக்கியது இங்கேதான். "தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு மனசுக்குள் எண்ணினேன். நாலாவது விநாடியில்தான் பொங்கியது. கழுத்தின் இரண்டு பக்கமும் துழாவினேன், ஒன்றும் இல்லை. லைனை உருவப் போனபோது சிஸ்டர் சொன்னார்: "சார், நீங்க சொல்லும்போ நான் கிளாம்பைத் திறந்துட்டு இருந்தேனாக்கும்."

அன்றிலிருந்து நான் "தள்ளுங்க" சொல்வதில்லை. கிளாம்பைத் திறந்து, சிரிஞ்சைப் பிடித்து, தள்ளுபவரே "தள்ளுறேன்" என்கிறார். அந்தச் சொல்லிலிருந்துதான் எண்ணிக்கை. வீடியோ கிளிப்பாகப் பதிவு செய்துவிட்டால் சண்டையே இல்லை.

உண்மையாகவே தாமதமானால் மருந்தைத் தொடங்காமல் இரு பக்கக் கழுத்துச் சிரைகளையும் காறையெலும்புக்குக் கீழே ஓடும் சப்கிளேவியன் சிரையையும் பாருங்கள். சப்கிளேவியனில் போட்ட லைன் அதே பக்கக் கழுத்துக்கு ஏறிவிடுவதுண்டு.

அப்புறம் நுரையீரல். எம்-மோடில் (ஒரே கோட்டின் அசைவை நேரத்தோடு வரைந்து காட்டும் முறை) மேலே அலைக்கோடுகள், கீழே மணல் தெரிந்தால் அந்த இடத்தில் நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) இல்லை. முட்டம் கடற்கரையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழேயும் கோடுகளே ஓடினால் சந்தேகப்படுங்கள். லைன் போடும் முன்பே ஒருமுறை பார்த்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

நுனி எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை இந்த முறை துல்லியமாகச் சொல்லாது. அதற்கு எக்ஸ்ரே வரட்டும்.

பின்சேர்க்கை: சலைன் மங்கலாகத் தெரிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். 9 மில்லி சலைனும் 1 மில்லி காற்றும் எடுத்து, திரீ-வே (மூன்று வழி இணைப்பு) வழியாக இரண்டு சிரிஞ்சுக்கிடையே பத்துத் தடவை அடித்து, மிஞ்சிய காற்றை வெளியேற்றிவிட்டுத் தள்ளுங்கள். இதயத் தடுப்புச் சுவரில் ஓட்டை இருப்பவருக்குக் காற்று வேண்டாம், வெறும் சலைன்தான். வயிறு உப்பியவர்களுக்கு நெஞ்சுக்குழியில் படம் கிடைக்காது. இடது மார்புக்குக் கீழே, இதயத்துடிப்பு தட்டுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள்.