ஆடித் தள்ளுபடிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி: தையல் மெஷினிலிருந்து சில யோசனைகள்

மதுரை வில்லாபுரத்தில் வீட்டு முன்னறையில்தான் நான் ஜாக்கெட் தைக்கிறேன். ஆடி பிறந்துட்டா தெற்கு மாசி வீதியிலும் விளக்குத்தூண் பக்கமும் எடுத்த சேலைகள் கட்டைப்பை கட்டைப்பையா வந்து இறங்கும். பாதி விலைக்குக் கிடைச்சதுன்னு பிரிச்சுக் காட்டுவாங்க. நான் முதல்ல டேப்பை எடுத்து நீளத்தைத்தான் பார்ப்பேன்.

கட்டிக்கிற சேலைக்கு ஐந்தரை மீட்டர் வேணும். ஜாக்கெட் பிட் ஒட்டியே இருந்தா மொத்தம் 6.30 மீட்டர் வரணும். குவிச்சுப் போட்டு விக்கிற சேலைகளில் சிலது பிட்டோட சேர்த்தே ஐந்தரைதான் இருக்கும். பிட்டை வெட்டிட்டா கொசுவத்துக்குத் துணி பத்தாது, முந்தியும் குட்டையாகிடும். பன்னாவையும், அதாவது சேலையோட அகலத்தையும், அளக்கணும். 46 அங்குலத்துக்குக் குறைஞ்சா உயரமானவங்களுக்குக் கணுக்கால் தெரியும். கைப்பையில் ஒரு டேப் வச்சுக்கோங்க. கடைக்காரர் முன்னாடி அளக்கக் கூச்சப்படவே வேண்டாம், காசு நம்முடையது.

அடுத்தது மடிப்பு. ஷோகேஸில் மாசக்கணக்கா கிடந்த சேலையை ஆடியில்தான் வெளியே தள்ளுவாங்க. மடிப்பு விழுந்த கோட்டில் வெயிலும் விளக்கு வெளிச்சமும் பட்டு நிறம் வெளுத்திருக்கும். முந்தியை மட்டும் விரிச்சுக் காட்டினா போதாது, உடல் முழுக்க ஒரு தடவை பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. வெளுத்த கோட்டை எந்தத் தையலாலும் மறைக்க முடியாது. துணி கிழிஞ்சிருந்தாக்கூட கொசுவத்துக்குள்ள போற இடமா பார்த்து நான் சமாளிச்சிடுவேன்.

முந்நூறு ரூபாய்க்கு எடுத்த சேலைக்கும் லைனிங், ஃபால்ஸ், ஓரம் அடிக்கிறது, தையல் கூலின்னு எல்லாம் உண்டு. கூட்டிப் பார்த்தா சேலை விலையைத் தாண்டிப் போயிடும். அதனால நாலு மலிவு சேலைக்குப் பதிலா ரெண்டு நல்ல பருத்திச் சேலை எடுங்கன்னுதான் என்கிட்ட வர்றவங்களுக்குச் சொல்றேன். இந்த ஊர் வெயிலுக்கு எனக்குத் தெரிஞ்சு சுங்குடியை மிஞ்ச எதுவும் இல்லை.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. நூற்றாண்டுகளா இந்தக் கைவேலையைக் காப்பாத்தி வர்றது இங்கே இருக்கிற சௌராஷ்டிரக் குடும்பங்கள். துணியில் புள்ளி குறிச்சு, அந்தப் புள்ளியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுத்தி இறுக்கி முடிச்சுப் போடுவாங்க. பெரும்பாலும் பெண்கள்தான் வீட்டில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்றாங்க. சாயத்தில் முக்கும்போது முடிச்சுக்குள்ள சாயம் ஏறாது. காய்ஞ்சதும் பிரிச்சா வட்டப் புள்ளி விழும். ஒரு சேலைக்கே ஆயிரக்கணக்கான முடிச்சு. அவ்வளவு கை உழைப்பு இருக்கிற சேலை நானூறு ரூபாய்க்கு வராது, வரவும் கூடாது.

கடையில் சுங்குடின்னு தொங்குறதில் நிறைய மெழுகு அச்சு, இல்லைன்னா ஸ்க்ரீன் பிரிண்ட். பிரிண்ட் விலைக்கு வித்தா அதில் தப்பே இல்லை, தினம் கட்டிக்கத் தோதான சேலை அது. முடிச்சு விலையைச் சொல்லி பிரிண்ட்டைக் கொடுத்தாத்தான் கோபம் வருது. கண்டுபிடிக்கிறது சுலபம். முடிச்சுப் புள்ளிகள் ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. அளவு கொஞ்சம் கூடும் குறையும், ஓரம் லேசாக் கசிஞ்சிருக்கும், நடுவில் பொட்டு மாதிரி சாயம் நிக்கும். தடவினா அந்த இடத்தில் துணி மேடு தட்டும். திருப்பிப் பார்த்தா பின்பக்கமும் அதே அழுத்தத்தில் நிறம் இருக்கும். ஸ்க்ரீன் பிரிண்ட்டுக்குப் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். புள்ளிக்கு நடுவே மெல்லிய நரம்பு நரம்பாக் கோடு ஓடினா அது மெழுகு விரிசல் விட்ட இடம்.

சாயம் நிக்குமான்னு பார்க்க, கர்சீப் நுனியை நனைச்சு உள்மடிப்பில் அழுத்தித் தேயுங்க. கர்சீப் நல்லா நிறம் மாறிட்டா வச்சிட்டு வந்துடுங்க. உப்புத் தண்ணியில் ஊற வச்சா நின்னுடும்னு விக்கிறவங்க சொல்வாங்க. ஒழுங்காச் சாயம் ஏறாத துணிக்கு உப்பு ஒண்ணும் செய்யாது. நல்ல சேலையாவே இருந்தாலும் முதல் சில தடவை பச்சைத் தண்ணியில் தனியா அலசி, நிழலில் காயப் போடுங்க.

சுங்குடிக்குத் திருமலை நாயக்கர் மகாலைச் சுத்தியுள்ள தெருக்களில் நடந்தே தேடலாம். வளையல், பாசி, ரிப்பன், பூஜைச் சாமானுக்கு முன்னெல்லாம் மீனாட்சியம்மன் கோயில் எதிரே இருக்கிற புதுமண்டபம் போவோம். அந்தக் கடைகள் இப்போ குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கு. அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் இருக்கிற சின்ன பொட்டிக்குகளில் தீபாவளி, பொங்கல் முடிஞ்ச கையோட போனா மிச்ச சரக்கைக் குறைச்சுத் தருவாங்க. அங்கே தைச்ச துணி எடுத்தா, அக்குள் பக்கமும் இடுப்புப் பக்கமும் உள்ளே ஒரு அங்குலமாவது துணி விட்டிருக்கான்னு திருப்பிப் பாருங்க. விடலைன்னா நாளைக்குப் பிரிச்சுத் தர என்னால் முடியாது. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு முப்பது சதவீதத் தள்ளுபடி வருஷா வருஷம் வரும். கைத்தறி எடுக்க நினைக்கிறவங்க ஆடிக் கூட்டத்தில் நசுங்காம அதுவரை பொறுத்துக்கலாம். ஆடியில்தான் எடுத்தாகணும்னா வார நாளில் கடை திறந்த நேரமாப் போங்க. ஞாயிறு சாயங்காலம் விளக்குத்தூணில் நிக்கக்கூட இடம் இருக்காது, சேலையை எங்கே விரிச்சுப் பார்க்க?

மேட்சிங் ஜாக்கெட் துணியை டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவு பண்ணாதீங்க. சேலையோட வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் வச்சுப் பாருங்க. டூ பை டூ துணி 80 சென்டிமீட்டர் போதும். உடம்பு கொஞ்சம் பூசினாப்ல இருந்தாலோ முழங்கை வரை கை வச்சாலோ ஒரு மீட்டர். பருத்தி லைனிங்கைத் தைக்கக் கொடுக்கும் முன்னாடியே ஒரு ராத்திரி தண்ணியில் ஊறப் போட்டுக் காய வச்சுக் கொடுங்க. இல்லைன்னா முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி ஜாக்கெட் கோணிக்கும்.

அளவெடுக்கும்போது கழுத்து, இடுப்பு, நெத்தி எல்லாம் பக்கத்தில் பார்க்கிறவ நான். அதனால அழகுக் குறிப்பும் என்கிட்டயே கேட்பாங்க. பின்கழுத்து கறுப்பா இருக்கு, எலுமிச்சம்பழம் தேய்க்கட்டுமாங்கிறதுதான் அதிகம் வர்ற கேள்வி. தேய்க்காதீங்க. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தா வெந்து, முன்னை விடக் கறுத்துப் போகும். கவரிங் செயின் உரசி வர்ற கறுப்புன்னா செயினை நிறுத்திட்டு, வியர்வையை அப்பப்போ துடைச்சாலே நாளாவட்டத்தில் குறையும். ஆனா மடிப்பில் வெல்வெட் மாதிரி தடிச்சுக் கறுத்திருந்தா அது அழுக்கு இல்லை. சர்க்கரை வரப் போறதுக்கு அறிகுறியா இருக்கலாம். முதல்ல ரத்தப் பரிசோதனைக்குப் போங்க.

இடுப்பில் பாவாடை நாடா பதிஞ்ச தடம் எங்க அம்மா தலைமுறையில் எல்லாருக்கும் உண்டு. அதை யாரும் பெருசா எடுத்துக்கிறதில்லை. நாடாவை வருஷக்கணக்கா ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, புண் ஆறாம அது புற்றாவே மாறின பெண்களைப் பத்தி மகாராஷ்டிரா, பீகார் மருத்துவர்கள் 2024-ல் எழுதியிருக்காங்க. மெல்லிசு நாடாவுக்குப் பதிலா ரெண்டு அங்குல அகலப் பட்டி வச்சுத் தைக்கச் சொல்லுங்க. வீட்டில் இருக்கும்போது தளர்த்திக் கட்டுங்க. ஆறாத புண்ணா இருந்தா மஞ்சள் பத்துப் போட்டு நாள் கடத்தாம ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

ஸ்டிக்கர் பொட்டை ராத்திரி எடுத்துடணும். சில பொட்டுப் பசையில் இருக்கிற ரசாயனம் தோலை வெளுக்க வைக்கும். நெத்தியில் அரிப்போ வெள்ளைத் தடமோ தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்க.

முகத்துக்கு நான் போடுறது நலங்கு மாவுதான். அரைக் கிலோ பச்சைப்பயறுக்கு கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ஞ்ச ரோஜா இதழ் வகைக்கு 50 கிராம், ஒரு பிடி வெட்டிவேர். எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மில்லில் அரைச்சதை வீட்டில் மெல்லிசு வேட்டித் துணியில் சலிங்க. நறநறன்னு இருந்தா முகத்தைக் கீறிடும். புதுசாப் போடுறவங்க முன்கையில் தடவி ஒரு நாள் பார்த்துட்டு முகத்துக்குப் போங்க. இந்த மாவு அழுக்கை எடுக்கும், வெயிலைத் தடுக்காது. மத்தியானம் பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீனும் குடையும் வேணும்.

ஃபேன்சிக் கடையில் தள்ளுபடின்னு கிரீம் எடுத்தா டப்பாவைத் திருப்புங்க. தயாரிச்சவங்க முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கணும். லேபிள் இல்லாம ஒரு வாரத்தில் சிவப்பாக்கும்னு விக்கிற கிரீம்களில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்க வாய்ப்பு அதிகம், இனாமாக் கொடுத்தாலும் வேண்டாம். அஞ்சு நிமிஷத்தில் கறுப்பாப் பிடிக்கிற மருதாணிக் கோனும் அப்படித்தான். அதில் தலைமுடிக்குப் போடுற சாயம் கலந்திருக்கும், கை கொப்பளிச்சுடும். பச்சை மருதாணி இலையை அரைச்சு ராத்திரி வச்சுக்கிட்டா ஆரஞ்சில் தொடங்கி ரெண்டு நாளில் நல்லாச் சிவக்கும். விலைக்கு மேல கேட்டாலோ கெட்டுப்போன பொருளை மாத்தித் தரலைன்னாலோ 1915-ங்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணிப் புகார் சொல்லலாம். அதுக்கு பில் வேணும், கேட்டு வாங்கிக்கோங்க.

மல்லிகைக்கு முகூர்த்த நாளில் விலை தாறுமாறா ஏறும். வீட்டில் கட்டத் தெரிஞ்சவங்க உதிரிப்பூவா, வெள்ளையா இறுகின மொட்டாப் பார்த்து எடுங்க. வாழையிலையில் சுத்தி ஈரத்துணிக்குள்ள வச்சா சாயங்காலம் தலைக்கு வைக்கும்போதுதான் விரியத் தொடங்கும்.

தீபாவளிக்கு ஜாக்கெட் வேணுங்கிறவங்க புரட்டாசி பாதிக்குள்ள துணியைக் கொடுத்துடுங்க. கூடவே ஒரு அளவு ஜாக்கெட். கல்யாணத்துக்குத் தைச்சதைக் கொண்டு வராதீங்க, இன்னைக்குப் போட்டா எங்கேயும் பிடிக்காம இருக்கிறதைக் கொண்டு வாங்க.