மங்கிய அலாய் வீலைக் கையாலேயே மீட்பது எப்படி?

அலாய் வீல், அதாவது அலுமினியக் கலவையால் ஆன வண்டிச் சக்கரம், மங்கியதும் பலர் நேராக மெட்டல் பாலிஷை எடுத்துத் தேய்க்கிறார்கள். கை வலிக்கும், பளபளப்பு வராது. மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு இருக்கும் வரை பாலிஷ் அலுமினியத்தைத் தொடவே தொடாது. வீலைக் கழற்றிக் கழுவி, காற்றோட்டமான இடத்தில் கையுறை போட்டுக்கொண்டு, பெயின்ட் ரிமூவரால் அந்தப் பூச்சை முழுக்க எடுத்துவிடுங்கள். குரோம் பூசிய வீல் என்றால் இந்த முறை வேண்டவே வேண்டாம். விரிசலோ நெளிவோ இருந்தாலும் தேய்க்காதீர்கள், அது பாதுகாப்புப் பிரச்சினை.

அடுத்தது வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். உழைப்பெல்லாம் இங்கேதான். டயர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு 320ஆம் எண் தாளில் தொடங்கி 400, 600, 800, 1000, 1500, 2000 என்று ஏறுங்கள்; எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும். சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய தாளின் கோடு எங்கே மிச்சமிருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். ஒரு கோடுகூட இல்லாதபோதுதான் அடுத்த தாள். நான் அவசரப்பட்டு 400இல் விட்ட கீறல்கள், கடைசியில் பாலிஷ் போட்டதும் பளிச்சென்று தெரிந்தன. மறுபடி முதலிலிருந்து தேய்த்தேன்.

பாலிஷ் போடும்போது துணி கறுப்பாகும், பயப்பட வேண்டாம். சுத்தத் துணியால் துடைத்துவிட்டு வாக்ஸ் பூசுங்கள், அவ்வப்போது திரும்பவும் பூசுங்கள். கிளியர் கோட்டும் அடிக்கலாம்தான். ஆனால் கண்ணாடிபோல் வழவழத்த உலோகத்தில் அது சரியாகப் பிடிக்காமல் உரியக்கூடும் என்பதால் என் ஓட்டு வாக்ஸுக்கே. அமிலம் கலந்த வீல் கிளீனரை மட்டும் இனி அருகில் கொண்டுவராதீர்கள், வெற்று அலுமினியத்தில் கறை பிடித்துவிடும்.