பையன் எஃப்1 ஓட்டணும் என்கிறானா? பதினெட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சிங்கப்பூர் மரினா பேயில் ஃபார்முலா 1 (எஃப்1) இரவுப் பந்தயம் முடிந்த மறுவாரம் யாராவது ஒருவர் எனக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிடுவார். "அக்கா, என் பையனும் ரேஸ் ஓட்டணும்னு அடம் பிடிக்கிறான். எங்கே சேர்க்கிறது?" என் மகன் எட்டு வயதிலிருந்து பதினாறு வரை கோ-கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டி ஓட்டினான். ஒரே ஒரு நாள் எஃப்4 காரும் ஓட்டினான். எஃப்4, எஃப்3, எஃப்2 எல்லாம் எஃப்1க்கு ஏறும் படிகள். அந்த எட்டு வருடச் செலவை எழுதிவைத்த நோட்டு ஈசூன் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கே சேர்ப்பது என்பதற்கு முன்னால் ஒரு காலண்டரை எடுங்கள். நாங்கள் எட்டு வயதிலிருந்து முன்னோக்கி எண்ணினோம். அடுத்த வருடம் பார்த்துக்கலாம், அதற்கடுத்த வருடம் பார்த்துக்கலாம் என்றே போனது. எண்ண வேண்டியது 18லிருந்து பின்னோக்கி.

எஃப்1 ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும், கீழ்ப்படிப் பந்தயங்களில் மூன்று சீசன்களில் 40 புள்ளி சேர்ந்திருக்க வேண்டும், ரோட்டில் ஓட்டுகிற சாதாரண லைசென்ஸும் இருக்க வேண்டும். 2015இல் மேக்ஸ் வெர்ஸ்டப்பன் 17 வயதில் எஃப்1 ஓட்ட வந்து இறங்கிய பிறகு வந்த கெடுபிடி. எஃப்2 சீசனை முதல் மூன்று இடத்துக்குள் முடித்தால் 40 புள்ளியும் மொத்தமாகக் கிடைக்கும். ஒரு நாட்டின் எஃப்4 பட்டத்தையே வென்றாலும் 12தான். எஃப்4இல் உட்காரவே 15 வயதாக வேண்டும். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 28 வயதில்தானே எஃப்1க்கு வந்தார் என்று என் தம்பி வாதாடுவான். அது 2005, இந்தப் புள்ளிக் கணக்கு இல்லாத காலம்.

நம் ஊரில் அதே 18இல் தேசிய சேவை, ஆண் பிள்ளைகளுக்கான கட்டாய ராணுவச் சேவை, வாசலில் நிற்கிறது. நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்கு அதைத் தள்ளி வைத்தார்களே என்பீர்கள். அது ஒலிம்பிக் நீச்சலுக்கு. கார்ப் பந்தயம் ஒலிம்பிக்கில் இல்லை. வெளிநாட்டில் மாதக்கணக்கில் தங்கி ஓட்டும் எண்ணம் இருந்தால், பையனுக்குப் பதின்மூன்று ஆகும்போதே எக்ஸிட் பெர்மிட் (வெளிநாட்டில் தங்க அனுமதி) பற்றி, தேசிய சேவைக்கு ஆள் சேர்க்கும் அலுவலகமான சிஎம்பிபியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். நாங்கள் பதினாறில் கேட்டோம்.

சரி, எங்கே தொடங்குவது? வாடகைக் கார்ட்டில். சொந்த ஹெல்மெட் கூட இப்போது வேண்டாம். ஓட்டி முடித்ததும் ஒரு தாள் கொடுப்பார்கள், ஒவ்வொரு லேப்புக்கும் (தடத்தை ஒரு சுற்றுச் சுற்ற) எத்தனை நொடி என்று. எல்லா அப்பாக்களும் மிக வேகமான லேப்பை வட்டமிட்டு போட்டோ எடுப்பார்கள். நீங்கள் மிக மெதுவான லேப்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வாராவாரம் சுருங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம், "எந்த வளைவில் நேரம் போச்சு?" என்று கேளுங்கள். "தெரியல, வண்டி சரியில்ல" என்றே ஆறு மாதம் சொன்னால் பேட்மிண்டனில் சேர்த்துவிடலாம், தப்பில்லை.

பதில் வர ஆரம்பித்தால் சொந்தக் கார்ட். புதியது வேண்டாம். பழைய சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வாங்கும்போது தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிக்குழாய்கள் தரையில் உரசி உரசித் தட்டையாகியிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். ரோடாக்ஸ் என்கிற கம்பெனி என்ஜின் என்றால், யாரும் பிரிக்காமலிருக்கப் போட்ட சீல் உடையாமல் இருக்க வேண்டும், கடைசியாகப் பிரித்துச் சரிபார்த்த பிறகு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

கையுறை, பூட்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் விலாக் கவசம் வாங்குங்கள். கார்ட்டில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம், கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் சேர்ந்து சுற்றுவதால், வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் ஒரு கணம் தரையை விட்டுத் தூக்கினால்தான் வண்டி திரும்பும். அப்போது பிள்ளையின் உடம்பு முழுக்க சீட்டின் ஓரத்தில் போய் இடிக்கும். நாங்கள் பளபளப்பான கையுறை வாங்கினோம். இரண்டாவது வாரமே விலாவில் அடி. தும்மினால் அழுவான். மூன்று வாரம் டிராக் பக்கமே போகவில்லை.

சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் தடம் இல்லை. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் பந்தயம் நடந்த கதையைச் சொல்லிப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். எங்கள் சனிக்கிழமைகள் ஜோகூரில் போயின. விடியற்காலை ஐந்து மணிக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி. சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்ட முக்கால் டாங்க் பெட்ரோல் வேண்டும், இருக்கிறதா என்று முந்தின இரவே பாருங்கள். ஒருமுறை அதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டோம். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வருடம் கார்ட்டே கிடையாது என்று வைத்தேன். அதற்கு மகனுக்கு இன்றும் என் மேல் கோபம்.

எஃப்4 சோதனை ஓட்டத்துக்கு மலேசியாவின் செப்பாங் போனபோதுதான் நான் ஏமாந்தேன். 5.543 கிலோமீட்டர் தடம், பதினைந்து வளைவு. அதைப் பார்த்த சந்தோஷத்தில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்து போட்டேன். புது டயருக்குக் காசு வாங்கிய அந்த அணி, யாரோ ஓட்டித் தேய்த்த டயரை மாட்டியது. மதியம் மழை. கார் மணலில் போய் நின்றது; உடைந்த முன்சிறகுக்குப் பதில் புதிது ஒன்று, அதற்குத் தனி பில். எத்தனை புது டயர், சேதத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு, ஓட்டிய டேட்டாவை வீட்டுக்குக் கொடுப்பார்களா: இந்த மூன்றும் தாளில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

பணம் என்றதும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் எஃப்4 ஒரு சீசனுக்கு நூறாயிரக்கணக்கில் யூரோ. எங்கள் நாலறை அடுக்குமாடி வீட்டை விற்றால் ஒரு வருடம் ஓட்டலாம். எஃப்2 என்றால் மில்லியன் கணக்கு. ஸ்பான்சர் தேடி நான் அனுப்பிய கடிதங்களுக்கு வந்த ஒரே உதவி, ஒரு மளிகைக் கடைக்காரர் கொடுத்த இரண்டு பெட்டி மினரல் வாட்டர். திறமை இருந்தால் வழி பிறக்கும் என்பவர்களிடம் ஆண்ட்ரூ டாங் பெயரைச் சொல்வேன். நம் ஊர்ப் பையன், 2014இல் நியூசிலாந்தின் டொயோட்டா ரேசிங் சீரிஸ் பட்டத்தையே வென்றவர். அவருக்கும் எஃப்1 இருக்கை கிடைக்கவில்லை.

உடம்புக்கு ஒரு வார்த்தை. எஃப்3, எஃப்2 கார்களில் பவர் ஸ்டியரிங் கிடையாது. கழுத்து, முன்கை, தோள் மூன்றையும் பன்னிரண்டு வயதிலிருந்தே மெதுவாகத் தயார் செய்ய வேண்டும். ஜிம்மில் தசை காட்டுவது வேறு.

என் மகன் இப்போது தேசிய சேவையில் ஐந்து டன் லாரி ஓட்டுகிறான். வளைவில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரும் சரிவதில்லை என்று அவனுக்கு ஒரே பெருமை. போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவன் அலமாரியைக் குடைந்து விலாக் கவசத்தை எடுத்தான். ஐந்தாவது மாடியில் ஒரு பெண் பிள்ளை, பத்து வயது. மரினா பேயில் பெண்களுக்கான எஃப்1 அகாடமி பந்தயத்தைப் பார்த்ததிலிருந்து அதே பேச்சாம். அவளுக்குத் தேசிய சேவையும் கிடையாது, கணக்கு எங்களுடையதை விடச் சுலபம். கவசத்தைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். கூடவே நோட்டையும் கொடுத்துவிடவா என்று கேட்டான். முதலில் அவள் அம்மாவை ஒரு டீ குடிக்க வரச் சொல்லு என்றேன்.