மூளைப் புறணியில் ஒரு மரபணுவின் வெளிப்பாட்டை வரைபடமாக்கும் முறை

ஒரு மரபணு மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், எந்தப் பகுதியில் எவ்வளவு செயல்படுகிறது என்பதே இங்கு வரைய வேண்டியது. அதற்குத் தரவு தரும், சியாட்டிலில் உள்ள ஆலன் மூளை அறிவியல் நிறுவனம் பொதுவில் வழங்கும் மனித மூளை அட்லஸ், ஆறு கொடையாளர்களின் மூளைகளிலிருந்து இறப்புக்குப் பின் எடுக்கப்பட்ட 3,702 திசு மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது. கொடையாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புறை உண்டு. அதில் மைக்ரோஅரே (பல மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒரே நேரத்தில் அளக்கும் சில்லு) அளவுகள், புரோப் (ஒரு மரபணுவைக் கண்டறிய அந்தச் சில்லில் பதித்த சிறு டி.என்.ஏ. துண்டு) பட்டியல், மாதிரி எடுத்த இடத்தின் ஆயத்தொலைகள் ஆகியவற்றுடன், அளவு பின்னணி இரைச்சலைத் தாண்டியதா என்பதை 0 அல்லது 1 என்று காட்டும் அட்டவணையும் இருக்கும்.

முதல் வேலை புரோப்களைச் சலிப்பது. மரபணுத் தொகுதியின் புதிய பதிப்போடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை நீக்குங்கள். பாதி மாதிரிகளிலாவது இரைச்சலைத் தாண்டாதவற்றையும் விட்டுவிடுங்கள். ஒரே மரபணுவுக்குப் பல புரோப்கள் எஞ்சினால் சராசரி எடுக்கத் தோன்றும். ஆனால், சரியாக வேலை செய்யாத புரோப் ஒன்று நல்லதையும் கெடுத்துவிடும் என்பதால், ஆறு மூளைகளிலும் ஏறத்தாழ ஒரே பாங்கைக் காட்டும் புரோப்பைத் தேர்வதே நல்லது என்பேன்.

அடுத்து, புறணியைப் பெயரிட்ட பகுதிகளாகப் பிரிக்கும் டெசிகன்–கில்லியானி போன்ற ஒரு பகுப்பு வரைபடத்தில் மாதிரிகளைப் பொருத்துங்கள். வலது அரைக்கோளத்தின் மாதிரிகள் இருவரிடமிருந்து மட்டுமே எடுக்கப்பட்டதால், இடது அரைக்கோளத்தின் 34 புறணிப் பகுதிகளோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. அளவுகளைக் கொடையாளர்வாரியாகத் தனித்தனியே இயல்பாக்க (ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர) வேண்டும். இல்லையெனில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடே வரைபடமாக வந்து நிற்கும். சிறுமூளை மாதிரிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். புறணிக்கும் சிறுமூளைக்கும் இடையிலான பெரிய இடைவெளியில், புறணிக்குள் இருக்கும் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் அமுங்கிவிடும்.

உங்கள் மரபணுவைத் தொடுமுன், இரு வகைத் தடுப்பு நரம்பணுக்களின் அடையாளமான பார்வால்புமின், சொமாட்டோஸ்டாட்டின் மரபணுக்களைச் சோதனையாக வரைந்து பாருங்கள். முன்னது பார்வைப் புறணி போன்ற முதன்மைப் புலன் பகுதிகளிலும், பின்னது உணர்ச்சி, நினைவு தொடர்பான லிம்பிக் பகுதிகளையொட்டியும் மிகுந்து, ஒன்றுக்கொன்று எதிரான சரிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், ஆயத்தொலைகளும் மாதிரிகளும் வரிசை மாறிச் சேர்ந்தனவா என்று முதலில் பாருங்கள்.

வரைபடத்தை எம்.ஆர்.ஐ. அளவீடுகளோடு ஒப்பிடுவோர் வழக்கமான பி-மதிப்பை (தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படியொரு பொருத்தம் தற்செயலாக வரும் வாய்ப்பு) நம்பக் கூடாது. அருகருகே உள்ள பகுதிகள் இயல்பாகவே ஒத்திருப்பதால், தொடர்பில்லாத வரைபடங்களும் பொருந்துவதுபோல் தோன்றும். புறணியைக் கோளமாக விரித்து, ஒரு வரைபடத்தை ஆயிரம் முறை தற்போக்கில் சுழற்றி, அவற்றில் எத்தனை முறை உங்கள் ஒட்டுறவு எண்ணுக்கு (இரு வரைபடங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்) ஈடான அல்லது அதை மிஞ்சிய எண் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.