ஹார்டு டிஸ்க்கிலிருந்து அலுமினியப் பணியாரம்: வீட்டு வார்ப்புக்கு முதல் படி

டிரில்லிங் மெஷினின் கைப்பிடிக் குமிழ் உடைந்துபோனது. தனியாகக் கிடைக்காது, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்றார் கடைக்காரர். பரணில் ஒரு சாக்கு நிறையப் பழைய கம்ப்யூட்டர் சாமான் கிடந்தது. சரி, நாமே வார்த்துவிடலாம் என்று இறங்கினேன். இரண்டு முறை சொதப்பி, மூன்றாவது முறைதான் உருப்படியான கட்டி வந்தது.

அடுப்பு கட்டுவதற்குள் நான் போகவில்லை. கரியோ கேஸோ, 750 டிகிரி வரை ஏறினால் போதும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அடுப்பு திறந்தவெளியில், காய்ந்த மணல் பரப்பின் மேல் இருக்கட்டும். சிமெண்ட் தரையில் உருகிய உலோகம் சிந்தினால் தரை வெடித்துத் தெறிக்கும்.

எதை எடுப்பது

என் ஓட்டு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குக்கு. அதன் கனமான அடிப்பாகம் சிலிக்கான் கலந்த டை காஸ்டிங் (உலோக அச்சில் அழுத்தி வார்த்த) அலுமினியம். உருகினால் தண்ணீர் மாதிரி ஓடும். சிப்பின் சூட்டைத் தணிக்கும் தகடு தகடான ஹீட் சிங்க் அப்படியில்லை. அச்சின் மூலைமுடுக்குக்குள் போக அடம்பிடிக்கும். அதனால் இரண்டுக்கும் தனித்தனி டப்பா வைத்திருக்கிறேன்.

சர்க்யூட் போர்டு எதையும் அடுப்பருகே கொண்டுவராதீர்கள். எரிந்தால் வருவது விஷப்புகை. பவர் சப்ளையையும் நான் தொடுவதில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். உள்ளே கிடைக்கும் இரண்டு துண்டு அலுமினியத்துக்கு அந்த ஷாக் தேவையா?

பிரிப்பது

டார்க்ஸ் 8 (நட்சத்திர முனை) திருப்புளி ஒன்று, நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள். மலிவானது இரண்டாவது டிஸ்க்கிலேயே முனை மழுங்கிவிடும். எல்லாத் திருகையும் கழற்றியும் மூடி வரவில்லையென்றால் நெம்பாதீர்கள். லேபிளின் மேல் விரலால் அழுத்தித் தடவுங்கள். ஓரிடத்தில் பள்ளம் தட்டும். கடைசித் திருகு அங்கேதான் ஒளிந்திருக்கும். இது தெரியாமல் கத்தியைக் கொடுத்து நெம்பி, கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன்.

உள்ளே இருக்கும் காந்தங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பாய்ந்து ஒட்டும், நடுவில் விரல் அகப்பட்டால் தோல் போய்விடும். அதில் ஒன்றை எடுத்து எல்லாத் துண்டிலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டுவதெல்லாம் இரும்பு, ஒதுக்கிவிடலாம். லேப்டாப் டிஸ்க்கின் வட்டத்தட்டு பெரும்பாலும் கண்ணாடி. வளைத்தால் நொறுங்கிக் கண்ணில் தெறிக்கும்.

உருக்குவது (நான் சறுக்கிய இடம்)

முதல் முறை மூசைக்கு, அதாவது உலோகம் உருக்கும் பாத்திரத்துக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளர் வைத்தேன். உருகிய அலுமினியம் இரும்பை மெல்ல அரித்துவிடும். அதே டம்ளரை மூன்றாவது தடவை சூடேற்றும்போது அடி ஓட்டையாகி எல்லாம் கரியில் இறங்கியது. கிராஃபைட் மூசையே வாங்குங்கள். கோவையில் ஃபவுண்டரி சாமான் விற்கும் கடைகளில் சின்ன அளவிலேயே கிடைக்கிறது.

இரண்டாம் முறை ஹீட் சிங்க்கை முதலில் போட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பொருக்குக் குவியல், அடியில் ஒரு ஸ்பூன் உலோகம். மெல்லிய தகடுகளில் பரப்பு அதிகம், கனம் குறைவு. உருகும் முன்பே பாதி ஆக்ஸைடாகிக் கசடாகிவிடுகிறது. இதற்கு வழி, முதலில் கனமான டிஸ்க் துண்டைப் போட்டுச் சின்னக் குளம் உண்டாக்குவது. பிறகு தகடுகளை ஒவ்வொன்றாகக் குளத்துக்குள் கம்பியால் அமுக்கவேண்டும். மேலே மிதக்க விடக்கூடாது.

ஆனால் குளத்துக்குள் போகும் எதிலும் ஈரம் இருக்கக்கூடாது. கம்பி, கரண்டி, துண்டு எல்லாவற்றையும் அடுப்பின் விளிம்பில் பத்து நிமிடம் காயவைத்த பிறகே உள்ளே விடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் அடியில் மாட்டினால் ஆவியாகி, மேலிருக்கும் உலோகத்தை முகத்தில் வீசியடிக்கும். முகக்கவசம், தோல் கையுறை, ஷூ, பருத்தி உடை. பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

செக்கச்சிவந்து ஒளிரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெயிலில் அலுமினியம் கடைசிவரை வெள்ளியாகத்தான் தெரியும். கம்பியால் கிளறினால் தடையில்லாமல் சுழல வேண்டும், அதுதான் பதம். மேலே மிதக்கும் கசடை வழித்துவிட்டு ஊற்றுங்கள்.

எதில் ஊற்றுவது? அம்மா கழித்துப்போட்ட இரும்புப் பணியாரக்கல். துரு சுரண்டி, நன்றாகச் சூடேற்றிய பிறகு ஒரே மூச்சில் ஏழு குழியையும் நிரப்பினேன். அதில் இனி பணியாரம் சுடமுடியாது என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பின்சேர்க்கை: லேப்டாப் சட்டத்தை உருக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சில மாடல்களில் அது மக்னீசியம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் கொழுந்துவிடும். பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்ற இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் மக்னீசியம், காயலாங்கடைக்குப் போகட்டும். அலுமினியம் சும்மா இருக்கும்.

குமிழுக்கு மூன்று பணியாரம் செலவானது. மீதி நான்கு ஜன்னல் ஓரத்தில் இருக்கின்றன, அடுத்து எது உடையும் என்று பார்த்துக்கொண்டு.