பில்போ1 புரதத்தை அடக்கிப் பார்ப்பது எப்படி

தூக்க நோய் ஒட்டுண்ணியான டிரிப்பனோசோமா புரூசியில், கசையிழை (நீந்த உதவும் வால் போன்ற இழை) வெளிவரும் பையின் கழுத்தை வளையமாய்ப் பிடித்திருப்பது பில்போ1.

ஆர்என்ஏ குறுக்கீட்டுக்கு (ஒரு மரபணுவின் ஆர்என்ஏவை அழித்து அதன் புரதம் உருவாவதைத் தடுக்கும் முறை) தயார்செய்த, செட்சி ஈயின் குடலில் வாழும் நிலைச் செல்களை 27 டிகிரியில் வளருங்கள். மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்கள் இருக்கையில் பாதியில் மட்டும், குறுக்கீட்டைத் தொடக்கிவிடும் டெட்ராசைக்ளின் மருந்தை மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் சேருங்கள், மறுபாதி ஒப்பீட்டுக்கு. வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தில் டெட்ராசைக்ளின் எச்சம் இருந்தால் ஒப்பீட்டுச் செல்களிலும் புரதம் குறையும். பலரும் சறுக்குவது இங்கேதான். தினமும் எண்ணி, அடர்த்தி கூடினால் நீர்த்துவிடுங்கள்.

24, 48 மணி நேரத்தில் செல்களை மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் நிலைப்படுத்தி, பில்போ1-ஐக் காட்டும் எதிர்ப்புரதமும் டிஎன்ஏவைக் காட்டும் டாப்பிச் சாயமும் இடுங்கள். டெட்ராசைக்ளின் சேர்த்த செல்களில் பழைய வளையம் அப்படியே இருக்கும், புதியது உருவாகாது. அதனால் புதிய பையும் இல்லை. புதிய கசையிழை உடலில் ஒட்டாமல் பின்முனையில் தொங்கும். உட்கரு இரண்டாகியும் செல் பிரியாது.